கறந்த பிறகு அரை மணி நேரம்



விடிவதற்கு முன்பே பால் சங்கத்தின் வாசலில் வரிசை நிற்கும். தூக்குவாளியிலும் கேனிலும் வந்த பாலைக் கலக்கிவிட்டு மாதிரி எடுப்பார்கள். லாக்டோமீட்டர் மிதக்கும். இயந்திரம் இருக்கிற ஊரில் அதன் மெல்லிய குழாய் பாலை உறிஞ்சி, கொழுப்பு இவ்வளவு, இதர சத்து இவ்வளவு என்று காட்டும். அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் விலை. இந்தப் பாலைச் சுரந்த மடி எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி அந்த மேசையில் எழுவதே இல்லை. தமிழ்நாட்டின் தொழுவங்களில் மடிநோய் ஓசைப்படாமல் குடியிருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மடிநோய் என்று சொன்னவுடன் மாடு வளர்ப்பவர் மனதில் வருவது வேறு காட்சி. மடி வீங்கிக் கல்லாக இறுகியிருக்கும். தொட்டால் மாடு உதைக்கும். பால் திரிதிரியாக, மஞ்சள் நீராக, சில சமயம் ரத்தம் கலந்து வரும். இது வெளிப்பட்ட நோய். இதை யாரும் தவறவிடுவதில்லை. அன்று மாலையே மருத்துவருக்குத் தொலைபேசி போய்விடும். ஆனால் இப்படி வெளிப்படும் மாடு ஒன்றென்றால், வெளிப்படாமல் நோயைச் சுமந்து நிற்கும் மாடுகள் அதைவிடப் பல. அவற்றின் மடி மெத்தென்று இருக்கும். பால் வெள்ளையாகவே வரும். தீனி குறையாது. நேரத்துக்கு அரை லிட்டர், முக்கால் லிட்டர் பால் மட்டும் குறைந்துபோகும். வெயில் கூடிவிட்டது, தவிடு சரியில்லை, பச்சைப்புல் போதவில்லை என்று அதற்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். இந்தியாவில் மடிநோயால் ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு 7,165 கோடி ரூபாய் என்று 2009இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று கணக்கிட்டது. அதில் 4,151 கோடி, இப்படிக் கண்ணுக்குத் தெரியாத மறைநோயால் போனது. யாரும் அழாத இழப்புதான் பெரிய இழப்பாக இருந்திருக்கிறது.

நோய் எந்த வழியாக உள்ளே போகிறது என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பசுவின் மடி ஒரே பை போலத் தோன்றினாலும் உள்ளே நான்கு தனித்தனிப் பகுதிகள். ஒரு பகுதியின் பால் இன்னொன்றுக்குப் போக உள்வழி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு, ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சிறு குழல். அந்தக் குழலின் சுவரில் மெழுகு போன்ற கெரட்டின் படிந்திருக்கும். அதைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் தசை வளையம் ஒன்று உண்டு. கறவை இல்லாத நேரத்தில் இந்த இரண்டும் சேர்ந்து வாசலை மூடிவைக்கின்றன. கறக்கும்போது வளையம் தளர்ந்து குழல் விரிகிறது. கறந்து முடித்ததும் அது உடனே மூடிக்கொள்வதில்லை. முழுதாக இறுகுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் மாடு சாணத்திலும் சிறுநீரிலும் படுத்தால் கிருமிக்குத் திறந்த கதவு கிடைக்கிறது.

கறந்து முடித்தவுடன் மாட்டுக்குத் தீவனம் போடச் சொல்வது இதற்காகத்தான். நம் ஊரில் பெரும்பாலும் முன்னால் தவிட்டை வைத்துவிட்டு மாடு தின்னும்போதே கறந்துவிடுகிறார்கள். கறவை முடியும்போது தொட்டியும் காலியாகியிருக்கும். வயிறு நிறைந்த மாடு படுத்துவிடும். கலப்புத் தீவனத்தைக் கறவை நேரத்தில் கொடுத்துப் பழகியிருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை. பச்சைப்புல்லையோ வைக்கோலையோ கறந்த பிறகு போட்டால் போதும், மாடு அரை மணி நேரம் நின்றுகொண்டே இருக்கும். காசில்லாமல் செய்யக்கூடிய நோய்த் தடுப்பு இதைவிட எளிதாக ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

மடிக்குள் புகும் கிருமிகளில் இரண்டு கூட்டங்கள் உண்டு. ஒரு கூட்டம் மடியிலிருந்து மடிக்குத் தாவுவது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே ஆகியவை இந்த வகை. இவை நோயுற்ற மடியிலும் காம்புத் தோலின் வெடிப்பிலும் குடியிருக்கும். கறக்கும் கையிலும் துடைக்கும் துணியிலும் கறவை இயந்திரத்தின் ரப்பர் குழலிலும் ஏறி அடுத்த மாட்டுக்குப் போகும். இன்னொரு கூட்டம் சுற்றுப்புறத்தில் இருப்பது. சாணத்தில் வாழும் ஈ.கோலை, ஈரமான மரத்தூளில் பெருகும் கிளெப்சியெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ் போன்றவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டகைத் தரை நாள் முழுக்கச் சொதசொதவென்று கிடக்கும்போது இந்தக் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். முதல் கூட்டம் பெரும்பாலும் மறைநோயாக நெடுநாள் தங்கும். இரண்டாவது திடீரென்று பாயும். ஈ.கோலை தாக்கிய மாட்டின் பால் தண்ணீராக மாறும், காது சில்லிட்டுப்போகும், மாடு எழ முடியாமல் படுத்துவிடும். ஓரிரு நாளில் உயிரே போகலாம்.

தமிழ்நாட்டில் முதல் கூட்டத்தின் முக்கியமான வாகனம் மனிதக் கைதான். பல ஊர்களில் கறவைக்கென்றே ஆள் உண்டு. அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி வீடு வீடாகப் போய்க் கறந்து கொடுப்பார். கடினமான உழைப்பு அது. அவர் வராவிட்டால் பல வீட்டில் பால் கறக்க ஆளே இருக்காது. முதல் வீட்டு மாட்டின் காம்பில் இருந்த கிருமி அவர் விரல் ரேகையில் ஏறிப் பத்தாவது வீட்டுக்குப் போகிறது என்றால் அது அவர் குற்றமாகாது. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் துடைக்கச் சுத்தமான துணியும் எடுத்துவைப்பது மாட்டுக்காரரின் வேலை. கறக்கும்போது விரலைப் பாலில் நனைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதே, அது கிருமியை நான்கு காம்புக்கும் பூசிவிடும் காரியம். கட்டைவிரலை மடக்கி அதன் முட்டியால் அழுத்திக் கறப்பதும் கெடுதல். அது காம்பின் உட்சுவரை நசுக்கிப் புண்ணாக்கும். முழுக் கையாலும் காம்பைப் பிடித்துக் கறப்பதே காம்புக்கு நல்லது.

மாட்டின் மூளையிலிருந்து வரும் ஆக்சிடோசின் என்ற சுரப்புநீர்தான் பாலை இறக்குகிறது. கன்று முட்டினாலும், மடியைக் கழுவித் துடைத்தாலும், வாளிச் சத்தம் கேட்டாலும் அது சுரக்கும். அதன் வேகம் ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது. அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். அடித்தால், அதட்டினால், புது நாய் குரைத்தால் மாடு மிரண்டு பாலை எக்கிக்கொள்ளும்; மடியில் தேங்கி நிற்கும் பால் கிருமிக்குத் தீனி. தொழுவத்தில் குரலை உயர்த்தாத வீட்டில் பால் கூடுதலாகக் கிடைக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதற்கு உடலியல் காரணம் இது.

மடிநோயைத் தடுப்பதில் உலகத்துக்கே வழிகாட்டிய ஆராய்ச்சி ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகே ஷின்ஃபீல்டில் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இருந்தது. 1960களில் டாட், நீவ், கிங்வில் முதலிய ஆராய்ச்சியாளர்கள் அங்கே மடிநோயை எடுத்துக்கொண்டார்கள். பெனிசிலின் வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. மருந்து வந்துவிட்டதால் நோய் ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கை பொய்த்திருந்தது. குணமான மாட்டுக்கே மறுபடியும் மறுபடியும் நோய் வந்தது. அவர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு மந்தையில் எத்தனை மாடு நோயோடு நிற்கிறது என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: புதிதாக எத்தனை மாட்டுக்குத் தொற்றுகிறது, பழைய தொற்று எத்தனை நாள் நீடிக்கிறது. மருந்து இரண்டாவதை மட்டும் தொடுகிறது. முதலாவதை நிறுத்தாமல் எத்தனை ஊசி போட்டாலும் கணக்கு நேராகாது.

அவர்கள் ஆய்வுக்கூடத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. விவசாயிகளின் பண்ணைகளிலேயே ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஐந்து அம்சத் திட்டம். ஒவ்வொரு கறவைக்குப் பிறகும் காம்பைக் கிருமிநாசினியில் முக்குவது. பால் வற்றும் காலத்தில் மடிக்குள் மருந்து ஏற்றுவது. வெளிப்பட்ட நோய்க்கு உடனே சிகிச்சை செய்து எழுதிவைப்பது. திரும்பத் திரும்ப நோய் வரும் மாட்டை மந்தையிலிருந்து விலக்குவது. கறவை இயந்திரத்தை ஆண்டுதோறும் சோதிப்பது. இதில் எதுவும் அதிசயக் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பாலில் மில்லிலிட்டருக்குச் சராசரி ஐந்தரை லட்சத்துக்கு மேல் இருந்த செல் எண்ணிக்கை, இருபத்தைந்து ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. செல் எண்ணிக்கைக்கு ஏற்ப விலை கொடுக்கத் தொடங்கியதும் அந்த இறக்கத்துக்கு உதவியது.

செல் எண்ணிக்கை என்றால் என்ன? மடிக்குள் கிருமி நுழைந்தால் மாட்டின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் படையெடுத்து வந்து பாலில் சேரும். நோயில்லாத மடிப் பகுதியின் பாலில் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவான செல்களே இருக்கும். இரண்டு லட்சத்தைத் தாண்டினால் அங்கே தொற்று இருக்கிறது என்று கொள்ளலாம். பார்வைக்குப் பால் அப்படியேதான் இருக்கும். ஆனால் புரதத்தில் உயர்ந்த பங்கான கேசின் குறையத் தொடங்கியிருக்கும். லாக்டோஸ் குறைந்து, ரத்தத்திலிருந்து உப்பு கசிந்து வரும். சில வீட்டில் பால் கரிக்கிறது என்று குழந்தை சொல்வது இதனால்தான். பிளாஸ்மின் என்ற நொதி கூடிவிடும். அது பாஸ்டர் முறையில் சூடாக்கினாலும் சாகாமல், பாக்கெட்டுக்குள் இருந்துகொண்டே புரதத்தைச் சிதைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பாலில் பனீரும் பாலாடைக்கட்டியும் குறைவாகத் தேறும். தயிர் கெட்டியாக உறையாது. மறைநோய் பிடித்த பகுதியில் பால் பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை குறைகிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செல்களை எண்ண நுண்ணோக்கி வேண்டும் என்பதில்லை. 1957இல் கலிஃபோர்னியாவில் ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் மாட்டுக் கொட்டகையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றை உருவாக்கினார்கள். நான்கு குழி உள்ள தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியாகப் பீய்ச்சி, அதே அளவு சோப்புக் கரைசலை ஊற்றி மெல்லச் சுழற்ற வேண்டும். சோப்பு வெள்ளணுக்களின் உறையை உடைக்கும். உள்ளிருந்து வெளிவரும் டி.என்.ஏ. பாலைக் கூழாக்கும். கூழ் எவ்வளவு கெட்டியோ நோய் அவ்வளவு. பாகிஸ்தானின் ஃபைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தார் இதே வேலையைத் துணி துவைக்கும் பவுடரைக் கொண்டு செய்து காட்டினார்கள். அரை லிட்டர் தண்ணீரில் சுமார் 15 கிராம் பவுடரைக் கரைத்தால் போதும். மாதம் ஒரு நாள், ஒரு மாட்டுக்கு ஐந்து நிமிடம். எந்தக் காம்பு கூழாகிறது என்று மாட்டுக்காரரே கண்ணால் பார்த்துவிடலாம். கன்று ஈன்ற முதல் சில நாள் சீம்பாலிலும், வற்றும் தறுவாயில் வரும் பாலிலும் இயல்பாகவே செல்கள் கூடியிருக்கும். அந்தச் சமயத்தில் செய்து பயந்துவிட வேண்டாம்.

ஷின்ஃபீல்டுக்காரர்கள் சொன்ன ஐந்தில் நம் ஊருக்கு மிகவும் தேவைப்படுவது காம்பு முக்குவது. அரை சதவீத அயோடினும் தோல் வெடிக்காமல் காக்கும் கிளிசரினும் கலந்த திரவம் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கிறது. சிறு கோப்பையில் ஊற்றிக் கறந்து முடித்தவுடன் ஒவ்வொரு காம்பையும் முழுதாக நனைத்து எடுக்க வேண்டும். நான்கு காம்புக்கும் அரை நிமிடம் ஆகும். தொற்றிப் பரவும் கிருமிகளால் வரும் புதிய நோயில் பாதியை இது ஒன்றே தடுத்துவிடுகிறது. சாணத்திலிருந்து வரும் கிருமிகளிடம் அதன் பலன் குறைவு. அவற்றுக்குக் காய்ந்த தரைதான் மருந்து. கறப்பதற்கு முன் மடியைக் கழுவினால் துடைத்து உலர்த்தியே ஆக வேண்டும். கழுவிய ஈரம் காம்பு வழியாகச் சொட்டச் சொட்டக் கறப்பதைவிடக் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்துக் கறப்பது மேல். எல்லா மாட்டுக்கும் ஒரே துணி என்ற வழக்கத்தையும் விட வேண்டும்.

முதல் இரண்டு பீய்ச்சலைத் தரையிலோ உள்ளங்கையிலோ விடாமல் ஒரு கறுப்புத் துணியின் மேல் விட்டுப் பார்த்தால் திரி இருப்பது பளிச்சென்று தெரிந்துவிடும். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். தலையீற்று மாட்டை முதலில் கறக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் நடக்கும் தவறுகள் மனதை வருத்துகின்றன. இரண்டு நாள் ஊசி போட்டதும் திரி நின்றுவிட்டால், மிச்சத்தைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடித் திசுவுக்குள் சீழ்க்கட்டி கட்டிக்கொண்டு பதுங்கும். அரைகுறை மருந்தில் அது சாகாது, தப்பிக்கக் கற்றுக்கொள்ளும். நெடுநாள் பழகிய ஆரியஸ் தொற்றை முழு மருந்தாலும் தீர்ப்பது கடினம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, சிகிச்சை நடக்கும்போதே பாலைச் சங்கத்தில் ஊற்றுவது. ஒவ்வொரு மருந்தின் உறையிலும் எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். காய்ச்சினால் மருந்தின் எச்சம் போய்விடாது. பெனிசிலின் கலந்த பால் தயிருக்கான நுண்ணுயிரைக் கொன்றுவிடுவதால் உறை ஊற்றினாலும் உறையாது. அந்தப் பாலைக் குடிக்கும் ஒவ்வாமையுள்ள ஒருவருக்கு அது ஆபத்து. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77இல் அனுமதித்த அளவுக்கு மேல் ஆன்டிபயாட்டிக் இருந்தது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் ஒரு வீட்டுப் பால் கேனில் சேர்ந்து, கேன் குளிர்விப்பானில் சேர்ந்து, ஊர்ப் பாலெல்லாம் ஒன்றாகிவிடும் தொழில் இது.

அதே ஆய்வில் 368 மாதிரிகளில் அஃப்லாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு அளவு மீறி இருந்தது. அந்தப் பட்டியலில் முன்னால் நின்ற மாநிலம் தமிழ்நாடு. அது மடிநோயோடு சேர்ந்ததல்ல. பூஞ்சணம் பூத்த பிண்ணாக்கு, நமத்துப்போன தீவனம் வழியாகப் பாலுக்கு வருவது. ஆயினும் பாலின் தரம் பற்றிப் பேசும் மேடையில் அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மூட்டையைத் தரையிலிருந்து தூக்கிப் பலகையில் அடுக்கி, சுவரில் படாமல் காற்றோட்டமாக வைத்தாலே பெரும்பகுதி தவிர்க்கலாம்.

ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்க நம் மண்ணிலிருந்தே ஒரு முயற்சி எழுந்திருக்கிறது. தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி மரபுவழிக் கால்நடை மருத்துவத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து ஒழுங்குபடுத்தினார். தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் அதைப் பல மாநிலங்களின் பால் ஒன்றியங்களுக்கு எடுத்துப் போனது. மடிநோய்க்கான முறை இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து, பாலை முழுதும் கறந்து கழுவிய மடியில் ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து முறை, ஐந்து நாள் தடவ வேண்டும். மறைநோயிலும் தொடக்க நிலையிலும் இதைச் செய்து பார்ப்பது தகும். காய்ச்சலோடு தீனி விட்ட மாட்டுக்கும், பால் தண்ணீராகிப்போன மாட்டுக்கும் விழுது அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. மருத்துவர் வந்தே ஆக வேண்டும்.

பால் வற்றும் காலத்தை நம் விவசாயிகள் ஓய்வு என்று மட்டும் நினைக்கிறார்கள். கன்று ஈனுவதற்கு ஏறத்தாழ 60 நாள் முன்பு கறவையை நிறுத்த வேண்டும். நிறுத்திய முதல் இரண்டு வாரமும் ஈனுவதற்கு முந்தைய இரண்டு வாரமும்தான் மடிக்கு மிகவும் ஆபத்தான நாட்கள். காம்பின் வாசலில் மெழுகு அடைப்பு உருவாகும் வரை மடியில் பால் தேங்கி நிற்கும். கழுவிவிடக் கறவையும் இருக்காது. கடைசிக் கறவை முடிந்ததும் நீடித்து வேலை செய்யும் மருந்தை நான்கு காம்பிலும் ஏற்றுவது இதற்காகத்தான். ஏற்றுவதற்கு முன் ஸ்பிரிட்டால் காம்பு நுனியைத் துடைக்காவிட்டால் மருந்துக் குழலே கிருமியை உள்ளே தள்ளிவிடும். எல்லா மாட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாட்டிக் ஏற்றும் வழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் நிறுத்திவிட்டது. நோயில்லாத காம்புக்கு பிஸ்மத் உப்பாலான அடைப்பானை மட்டும் ஏற்றி வாசலை மூடிவிடுகிறார்கள். மாதந்தோறும் சோப்புச் சோதனை செய்து எழுதிவைக்கும் வீட்டுக்கு மட்டுமே இந்தத் தேர்வு சாத்தியம். எந்தக் காம்பு சுத்தம் என்று தெரியாதவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் மில்லிலிட்டருக்கு நான்கு லட்சம் செல்லைத் தாண்டிய பாலைத் தொடர்ந்து கொடுத்தால் வாங்கமாட்டார்கள். அமெரிக்காவில் எல்லை ஏழரை லட்சம். இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண்மணியின் தூக்குவாளிக்கு இங்கே நாளைக் காலையே அப்படி ஒரு எல்லை போடுவது அநியாயம். அவர் பிழைப்பில்தான் கை வைத்ததாகும். தண்டனையில் தொடங்காமல் ஊக்கத்தில் தொடங்கலாம். ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு நான்கு குழித் தட்டும் ஒரு டப்பா சோப்புக் கரைசலும் இருக்கட்டும். மாதம் ஒரு நாள் உறுப்பினர் பாலைச் சோதித்து, முடிவைப் பால் அட்டையில் கொழுப்புக்குப் பக்கத்தில் எழுதித் தரட்டும். கூழாகாத பாலுக்கு லிட்டருக்குச் சிறு தொகை கூட்டிக் கொடுக்கட்டும். காம்பு முக்கும் மருந்தைத் தீவனம் போலவே சங்கத்தில் கடனுக்கு விற்று, பால் பணத்தில் கழித்துக்கொள்ளட்டும். கறவைக்கு வீடு வீடாகப் போகிறவர்களை அழைத்து அரை நாள் பயிற்சி கொடுத்து, ஆளுக்கு ஒரு முக்குக் கோப்பையைக் கையில் கொடுத்தனுப்பட்டும். அவர்களில் ஒருவர் ஒரு காலையில் தொடும் மாடுகளின் எண்ணிக்கை, ஒரு கால்நடை மருத்துவர் ஒரு நாளில் பார்க்கக்கூடியதற்குக் குறைந்ததல்ல.